பூட்டிய சாயப்பட்டறை

சாயப்பட்டறைகள் நெருங்கிய ஓர் ஊரில் அங்கயற்கண்ணி சுற்றுச்சூழல் பொறியாளராக இருந்தாள். அந்த ஆண்டு அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. சாயக்கழிவு நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தி, கொதிகலன் புகையையும் குறைக்கும் பட்டறைக்கு இயந்திர விலையில் பாதி மானியம். கழிவை வெளியே விடும் பட்டறைக்குப் பூட்டு.

பட்டறைக்காரர்கள் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டார். "மிசின்னா ரிப்பேர் ஆகத்தானுங்களே செய்யும்? அன்னிக்கு என்ன பண்றதுங்க?"

"அன்னிக்கே வந்து சொல்லுங்க. அபராதம் போடுவோம், பூட்ட மாட்டோம். இது என் வாக்கு" என்றாள் அங்கயற்கண்ணி. சுற்றறிக்கையில் அப்படி ஒரு வரி இல்லை. ஆனால் பயந்தவர்கள் மறைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

மானியம் வாங்கி முதலில் இயந்திரம் வைத்தவர் நாச்சிமுத்து. ஐப்பசியில் ஒரு காலை அவர் அவளுடைய அலுவலகத்துக்கு ஓடிவந்தார். "தொட்டியில விரிசலுங்க மேடம். கரட்டுமேட்டுக் கிணத்துப் பக்கம் தண்ணி இறங்கியிருக்கு. யாரும் குடிக்க வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் வர்றேன்."

கிணற்று நீரைச் சோதித்ததில் சாய உப்பு கலந்திருந்தது. குடிநீர் கெட்டால் பட்டறையை உடனே மூட வேண்டும் என்பது சட்டம். அதற்கு விலக்கு கிடையாது. சிறு கசிவு என்று பொய் அறிக்கை எழுத அவளுக்குக் கை வரவில்லை. மறுநாள் அவளே நின்று பூட்டி முத்திரை வைத்தாள்.

"உங்க வாக்கை நம்பித்தானுங்க வந்தேன்" என்றார் நாச்சிமுத்து.

கரட்டுமேட்டில் ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. பதினொரு நாளில் நாச்சிமுத்து விரிசலை அடைத்து, பட்டறையைத் திறக்கச் சொல்லி மனுக் கொடுத்தார். மனு மேலதிகாரியின் அறைக்குப் போய் அங்கேயே கிடந்தது. நாச்சிமுத்துவின் முகத்தில் விழிக்கக் கூசிய அங்கயற்கண்ணி, அது என்னவாயிற்று என்று யாரிடமும் கேட்கவில்லை. ஏழு மாதம் போயிற்று. வேலை பார்த்த நூற்றிருபது பேரும் பிழைப்புத் தேடி வெளியூர் போனார்கள். அந்த இயந்திரம் பழைய இரும்பு விலைக்குப் போனது.

அடுத்த ஆண்டு குருசாமி என்பவரின் பட்டறைத் தொட்டியில் விரிசல் விட்டது. அவர் அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. கழிவு கீழத்தெருக் கிணற்றில் இறங்கியது. நிறம் மாறாத அந்த நீரைத் தெருக்காரர்கள் மாதக்கணக்கில் குடித்தார்கள். துளசிமணி என்ற பெண் சிறுநீரகம் கெட்டு இறந்த பிறகே விஷயம் வெளியே வந்தது.

விசாரணையில் குருசாமி அங்கயற்கண்ணியைப் பார்த்தே சொன்னார். "நாச்சிமுத்து வந்து சொன்னாரு. அவருக்கு என்ன கெடச்சுதுன்னு பார்த்தனுங்களே."

துளசிமணியின் சாவுக்குக் குருசாமி பொறுப்பு. அதில் பேச்சே இல்லை. அங்கயற்கண்ணிக்கும் பங்கு உண்டென்றால், அவள் தவறியது எப்போது? இல்லாத அதிகாரத்தில் வாக்குக் கொடுத்தபோதா, கொடுத்த வாக்கை மீறிப் பூட்டியபோதா?

இரண்டிலும் இல்லை. அந்த வாக்கு இல்லாவிட்டால் நாச்சிமுத்து வந்திருக்கமாட்டார். கரட்டுமேட்டுக்காரர்கள் அந்த நீரைக் குடித்திருப்பார்கள். பூட்டியதும் சட்டப்படிதான். ஆனால் விரிசலை அடைத்த பிறகும் பூட்டு தொங்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கில் அவளால் காப்பாற்ற முடிந்த பங்கு, அந்த மனுவோடு மேலதிகாரியின் முன் போய் நிற்பது ஒன்றுதான். வெட்கப்பட்டு அதையும் விட்டுவிட்டாள்.