கடலைச் செடிக்கு ஒரு முந்தானை

அந்தக் காலத்தில், செடிகொடிகள் வாய்விட்டுப் பேசிய காலத்தில், கடலையும் அவரையைப் போலக் கிளையில்தான் காய்த்துத் தொங்கியது. கிளிகளுக்கு நல்ல வேட்டை. தின்று தின்று, கடைசியில் உலகத்தில் ஒரே ஒரு செடிதான் மிஞ்சியது. அது நொய்யல் கரையில், பாவாயி வீட்டுப் புழக்கடையில் நின்றது. அது முற்றி விதை தந்தால் உண்டு, இல்லையென்றால் கடலை என்ற பேச்சே கிடையாது.

பாவாயிக்கு அந்தச் செடிமேல் உயிர். ஆனால் வாய்தான் சும்மா இருக்காது. பிஞ்சு விட்டதுமே வேலியோரம் போகிறவர்களை நிறுத்தி வைத்துக்கொள்வாள்.

"ஏனுங்க, எங்க கடலையைப் பாத்தீங்களா? எத்தனை கொத்துன்னு பாருங்க!"

வந்தவர்கள் ஆளுக்கொன்று கிள்ளிப் பார்த்தார்கள். மரத்திலிருந்த கிளி கேட்டுக்கொண்டு போய், மறுநாள் சுற்றத்தோடு வந்தது. முதல் காய்ப்பு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. பாவாயி அழுதாள், அழுதுவிட்டு மறந்தும் போனாள்.

மூன்றாம் முறை செடி பூத்தது. பனி விலகாத காலை. மஞ்சள் பூக்கள் பனிக்குள் மிதப்பதுபோல் இருந்தன. பாவாயி செடியருகே உட்கார்ந்து கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்ததும், முந்தானையை இழுத்துப் பிள்ளையை மூடினாள்.

"கண்ணு பட்டுருமுங்க. அதை விடுங்க, எங்க கடலை பூத்திருக்குது, வந்து பாருங்க!"

அவள் பார்த்துவிட்டுப் போனபிறகு, செடி தூக்கத்தில் பேசுவதுபோல் மெல்லச் சொன்னது.

"பாவாயி, உம்பிள்ளையை மூடி வெச்சுக்கற. எம்பிள்ளைகளை ஊருக்கே காட்டறயே. எனக்கும் ஒரு முந்தானை இருந்தா நான் மூடிக்க மாட்டேனா? இதுதான் என் கடைசிப் பூ."

பாவாயிக்குக் கன்னத்தில் அறைந்தாற்போல இருந்தது. பிள்ளையைத் தரையில் கிடத்திவிட்டு, இரண்டு கையாலும் பொலபொலவென்ற மண்ணை அள்ளிச் செடியின் தூரில் அணைத்தாள்.

"இதை முந்தானைன்னு வெச்சுக்க கண்ணு. இனி நானே எட்டிப் பாக்க மாட்டேன்."

பூக்கள் வாடின. வாடிய இடத்திலிருந்தெல்லாம் ஒரு பச்சை விழுது கிளம்பி, அவசரமே இல்லாமல் கீழே இறங்கி மண்ணுக்குள் நுழைந்தது. கிளிகள் வந்து வெறுங்கிளையைப் பார்த்துத் திட்டிவிட்டுப் பறந்தன.

"காய் புடிச்சுதா பாவாயி?" என்று ஊர் கேட்டது. பாவாயி உதட்டைக் கடித்துக்கொண்டாள். உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டால் என்ற பயம் அவளைத் தின்றது. ஒருநாள் கிளறிப் பார்க்க நீண்ட கையைத் தானே அடித்து இழுத்துக்கொண்டாள்.

இலை மஞ்சளானதும் செடி கூப்பிட்டது. "இப்ப எடு."

கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினாள். தூர் முழுக்கக் கொத்துக் கொத்தாய்க் காய். ஒன்றை உடைத்தாள். உள்ளே இரண்டு பருப்பு ஒட்டிப் படுத்திருந்தன.

"ஒண்ணு உம்பிள்ளை திங்க. ஒண்ணு எம்பிள்ளையா மொளைக்க" என்றது செடி.

அன்று முதல்தான் கடலை பூவை வெயிலுக்குக் காட்டிவிட்டுக் காயை மண்ணுக்குள் மறைத்துக்கொள்கிறது. பூத்த செடிக்கு நாமும் மண் அணைத்துவிட்டு, அது கூப்பிடும்வரை கிளறாமல் காத்திருக்கிறோம்.