அண்ணாச்சி கடலுக்கு நோட்டீஸ் விட்டது

தாணுவின் சலூனில் நாற்காலி காலியானபோது முறை நம்பிராஜனுடையது. அவன் எழுந்திருக்கவில்லை.

"நீங்க உக்காருங்க அண்ணாச்சி. எனக்கு அவசரமில்ல."

ஆவுடையப்பன் அண்ணாச்சி அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தாணு துண்டைப் போர்த்திக் கழுத்தில் முடிந்தான். நம்பிராஜன் வாசலைப் பார்த்தான். கடைப் பலகையின் நிழல் படியைத் தொட இன்னும் ஒரு முழம் இருந்தது. அது படியைத் தொடுகிற நேரத்தில், அங்கே குளத்து மடையில் அண்ணாச்சி வயலுக்குத் தண்ணீர் முறை ஆரம்பிக்கும். முறை ஆரம்பிக்கையில் வயல்காரனோ அவன் வீட்டு ஆளோ மண்வெட்டியோடு மடையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும். பக்கத்து வயல் நம்பிராஜனுடையது.

போன வருஷம் மனைவி செம்பகத்தைப் பிரசவத்துக்குக் கொண்டுபோன நாளில் நம்பிராஜனின் முறை இப்படித்தான் போயிற்று. "ஆஸ்பத்திரியா இருந்தாலும் சட்டம் சட்டம்தாம்ல" என்று சொல்லி வாங்கிக்கொண்டவர் இதே அண்ணாச்சி. அவருக்குக் கிணறு உண்டு, மோட்டார் உண்டு. முறைத் தண்ணீர் அவருக்குப் பயிருக்காக அல்ல, பாத்தியதைக்காக. நம்பிராஜனுக்குக் குளம் மட்டும்தான். கதிர் இன்னும் வெளிவராமல் பொதியில் இருந்தது, வயல் வெடித்துக் கிடந்தது. குளத்தில் இந்த ஒரு சுற்றுக்குத்தான் தண்ணீர்.

அண்ணாச்சி வீட்டில் எல்லோரும் வளைகாப்புக்குத் தென்காசி போயிருந்தார்கள். இன்றைக்கு மடையில் நிற்க அவரை விட்டால் ஆள் இல்லை.

"மேமடைக்காரங்க மேல நீங்க கேஸ் போட்டீங்களாமே, நெசமா?" என்றான் நம்பிராஜன்.

சோப்பு நுரைக்குள்ளிருந்து அண்ணாச்சியின் வாய் திறந்தது.

"நெசமாவா? ஜட்ஜு கேக்காரு, உம்ம வயலுக்குப் பரம்பரையாத் தண்ணி பாஞ்சதுக்குச் சாட்சி யாருன்னு. நான் ஒரு கொக்கைக் கொண்டுபோய்க் கூண்டுல ஏத்துனேன்."

"கொக்கையா?" தாணுவின் கத்தி நின்றது.

"எங்க தாத்தா காலத்துக் கொக்கு. ஒத்தக் கால்ல நின்னு சத்தியம் பண்ணிச்சு. எதிர்க்கட்சி வக்கீலு குறுக்கு விசாரணையில எவ்வளவோ மடக்கிப் பாத்தான். கடைசிவரைக்கும் மத்தக் காலை ஊனலையே! பொய் சாட்சி ரெண்டு காலையும் ஊனிரும்னு ஜட்ஜே சொன்னாரு."

நிழல் அரை முழம் நகர்ந்திருந்தது. தாணு மீதியை வழிக்கக் கத்தியை எடுத்தான். அதற்குள் நம்பிராஜன் முந்திக்கொண்டான்.

"மழை இல்லாத வருஷம் கொக்கு சாட்சி சொல்லி என்ன பிரயோஜனம் அண்ணாச்சி?"

"அதுக்குத்தானே மேகத்துக்குத் தடை உத்தரவு வாங்குனேன்! மலையாளத்துலேருந்து ஒரு மேகம் நம்ம ஊரைத் தாண்டி வடக்கே போகப் பாக்கு. மலை உச்சியில ஏறி, அது வயித்துல உத்தரவை ஒட்டிப்புட்டேன். அசையல. ‘அண்ணாச்சி, மதுரையில என்னைய எதிர்பார்ப்பாவ, விட்டிருங்க’ன்னு கெஞ்சுது. இங்க இறக்கிவச்சிட்டுப் போன்னுட்டேன்."

"மேகம் பேசிச்சாக்கும்."

"பேசாம? மலையாளத்துலதான் பேசிச்சு. எனக்குப் புரியாதா?"

தாணு சிரிப்பில் கத்தியை மடக்கி வைத்துவிட்டான். நம்பிராஜனுக்கும் சிரிப்பு வந்தது. வாசலைப் பார்க்க மறந்துபோனதை எண்ணித் திடுக்கிட்டுத் திரும்பினான். நிழல் படி விளிம்பில் நின்றது. அண்ணாச்சியும் அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்புகிற மாதிரி இருந்தது.

"இருந்தாலும் ஆத்துத் தண்ணி பூரா கடலுக்குல்லா போவுது," என்றான் அவசரமாக. "அங்க உங்க சட்டம் செல்லுமா?"

அண்ணாச்சி நாற்காலியோடு அவன் பக்கம் திரும்பினார்.

"கேட்டியே ஒரு கேள்வி! கடலுக்கு நோட்டீஸ் விட்டேம்ல. எங்க ஆத்துத் தண்ணியை ஆதிகாலத்துலேருந்து அனுபவிக்கியே, எந்தப் பாத்தியதையிலன்னு. வாய்தாவுக்கு வந்து நின்னுச்சு. கோர்ட்டு வாசல்ல இன்னிக்கும் உப்புப் பூத்துக் கிடக்கு, போய்ப் பாரு. வாங்குனதையெல்லாம் திருப்பிக் குடுன்னு தீர்ப்பு. அன்னையிலேருந்துதான் அது கரைக்கு வாரதும் திரும்பிப் போறதுமா இருக்கு. குடுக்கவா வேண்டாமான்னு அதுக்கு இன்னும் முடிவு வரல."

நிழல் படியேறிக் கடைக்குள் வந்துவிட்டிருந்தது. அதை மிதித்துக்கொண்டு செம்பகம் வந்து நின்றாள். தோளில் மண்வெட்டி, முழங்கால்வரை சேறு.

"மடையில ஆளைக் காணும். மூணு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டுத் தண்ணியைத் திருப்பியாச்சு," என்றாள் கணவனிடம். "நம்ம வயல்ல பாதி நனைஞ்சிட்டு."

அண்ணாச்சி செம்பகத்தின் காலைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். ஒரு கன்னம் வழித்திருந்தது. மறு கன்னத்தில் நுரை காய்ந்து வெடித்திருந்தது. தாணு கத்தியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

"பின்னே?" என்றார் அண்ணாச்சி கடைசியில். "காலையிலேயே மடைக்குப் போய்த் தண்ணி காதுல சொல்லிட்டுல்லா வந்தேன், இன்னைக்கு நம்பி வயலுக்குப் போன்னு. கடலே என் பேச்சுக்குக் கட்டுப்படுது. இந்த வாய்க்கால் மீறிருமா?"

நம்பிராஜன் எழுந்து மனைவியிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டான்.

"நல்லது அண்ணாச்சி. அடுத்த வருஷத்துக்கும் இப்பவே அது காதுல ஒரு வார்த்தை போட்டு வையுங்க."