ராட்டினத்தின் அச்சு

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு நாற்பத்தாறு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? தெரிந்தவர் சொல்லித் தருகிறார், தெரியாதவர் கேட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான்.

குருவின் பெயர் தில்லைநாயகி. திருவெறும்பூர் பக்கம் சின்னதாக ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். இரும்பை வெட்டாமல், உடைக்காமல், உள்ளே குறை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற தொழில். வயிற்றுப் பிள்ளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிற மாதிரிதான். காதுக்குக் கேட்காத சத்தத்தை இரும்புக்குள் அனுப்புவார்கள். விரிசல் இருந்தால் சத்தம் அதில் முட்டித் திரும்பி வரும். திரையில் ஒரு முள் எழும்பும்.

சீடர் சவரிமுத்து. பாதி ஆயுசை வெல்டிங்கில் கழித்தவர். கண் எரிச்சல் தாங்காமல் இந்தப் பக்கம் வந்தார். படித்தார், பரீட்சையில் தேறினார், சான்றிதழும் வாங்கிவிட்டார். ஆனால் தனியாக ஒரு பொருளைப் பார்த்து, சரி என்று இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. யாராவது பேனாவை நீட்டினால் அவருக்கு உடனே தாகம் எடுத்துவிடும். தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

ஒரு நாள் கரூர்ப் பொருட்காட்சித் திடலிலிருந்து அபுதாகிர் ராவுத்தர் கூப்பிட்டு அனுப்பினார். ராட்சத ராட்டினம் வைத்திருப்பவர். ராட்டினம் பிரிந்து கிடந்தது. நடு அச்சை மரக்கட்டைகள் மேல் கிடத்தியிருந்தார்கள். மொத்தக் கூண்டுகளையும் தாங்குவது அந்த அச்சுதான். அது சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் ராட்டினத்தைத் தூக்கி நிறுத்த அனுமதி கிடைக்கும்.

"டாக்டரம்மா, போன ரெண்டு திடலும் மழையில போச்சு," என்றார் ராவுத்தர். இரும்புக்கு ஸ்கேன் எடுப்பவர் என்பதால் தில்லைநாயகி அவருக்கு டாக்டரம்மா. "இங்கயும் சுத்தலைன்னா எங்க ஆளுங்க அத்தனை பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதுக்காக இல்லாததை எழுதச் சொல்லலை. பிள்ளைங்க ஏறுற சாமான். இருக்கறதைச் சொல்லுங்க."

"அண்ணன்தான் பார்க்கறார் பாய். கையெழுத்தும் அவர்தான்," என்றார் தில்லைநாயகி.

சவரிமுத்து தண்ணீர்க் குடம் எங்கே என்று தேடினார்.

"நீங்க, மேடம்?"

"நான் சும்மா உக்காந்திருக்கேன்."

சொன்னபடியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, சவரிமுத்துவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். ராவுத்தர் வீட்டம்மா கொடுத்த வேர்க்கடலையை உரிக்க ஆரம்பித்தார்.

சவரிமுத்து அச்சைத் துடைத்தார். சத்தம் இரும்புக்குள் இறங்குவதற்காகக் கிரீஸ் தடவினார். மெஷினின் முனையை இரும்பில் வைத்து மெல்ல நகர்த்தினார். கொஞ்ச நேரம்தான் போயிருக்கும். முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், விரிசல்!"

ராவுத்தர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். கூடாரத்துக்குள்ளிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தில்லைநாயகி எழுந்திருக்கவில்லை.

"எங்கேண்ணே?"

"இங்க பாருங்க, திரையில எவ்வளவு உசரத்துக்கு நிக்குது!"

"திரையில இருக்கட்டும். இரும்புல எங்கே?"

சவரிமுத்து கணக்குப் போட்டார். அச்சின் பருமன் குறைந்து படி மாதிரி இறங்குகிற இடத்தைக் காட்டினார். தொழிலில் அதற்குத் தோள் என்று பெயர். உடைகிற அச்செல்லாம் பெரும்பாலும் அங்கேதான் உடையும். அது வேறு அவருக்குத் தெரியும்.

"கெயின் எவ்வளவு வச்சிருக்கீங்க?"

கெயின் என்பது ரேடியோவில் சத்தம் கூட்டுகிற மாதிரி. கூட்டினால் சின்ன முள்ளும் பெரிதாகத் தெரியும்.

"கொஞ்சம் ஏத்திட்டேன், மேடம்."

"கொஞ்சம்னா?"

சவரிமுத்து திரையில் கெயின் எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.

"எதுக்கு ஏத்தினீங்க?"

"எதையாவது விட்டுட்டா? நாளைக்குப் பிள்ளைங்க ஏறும்போது ஏதாவது ஆயிடுச்சுன்னா? அதான்... எதுவும் தப்பிச்சிடக் கூடாதுன்னு."

"நல்லது. பையில நம்ம பிளாக் இருக்கும். அதை எடுத்து, அதே கெயின்ல பாருங்க."

பிளாக் என்பது ஓர் இரும்புத் துண்டு. குறையே இல்லாத இரும்பு என்று உறுதியாகத் தெரிந்த துண்டு. அதை வைத்துத்தான் மெஷினையே சரிபார்ப்பார்கள். சவரிமுத்து முனையை அதில் வைத்தார். திரை முழுக்க முள் முள்ளாக முளைத்தது, மழைக்குப் பிறகு வயலில் புல் முளைக்கிற மாதிரி.

"என்ன தெரியுது?"

"நிறையத் தெரியுது, மேடம்."

"அப்போ அதையும் தூக்கிப் போட்டுடலாமா?"

ராவுத்தருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் டாக்டரம்மா குரலில் பதற்றம் இல்லை என்பது புரிந்தது. தரையிலிருந்து எழுந்து நின்றார்.

சவரிமுத்துவின் காது சிவந்துபோனது. கெயினை இறக்கினார். பிளாக்கில் சரிபார்த்தார். திரும்பவும் அச்சுக்கு வந்தார். புல்லெல்லாம் போய்விட்டது. ஆனால் தோள் இருக்கிற இடத்தில் ஒரு சின்ன முள் மட்டும் நின்றது.

"போக மாட்டேங்குதே மேடம்!" அழுதுவிடுவார் போலிருந்தது.

"இருங்க." தில்லைநாயகி எழுந்து வந்தார். விரலில் கிரீஸைத் தொட்டுக்கொண்டார். "முனையை அசைக்காதீங்க. திரையை மட்டும் பாருங்க." அவர் கண்ணோ திரையிலும் இல்லை, இரும்பிலும் இல்லை. சவரிமுத்துவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தோளின் வளைவில் விரலை வைத்து அழுத்தி எடுத்தார்.

"இறங்குது! எடுத்தா ஏறுது!"

"அப்படின்னா?"

சவரிமுத்து யோசித்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. ராவுத்தர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"சத்தம் உங்க விரல் வரைக்கும் வந்துட்டுத்தான் திரும்புது. நடுவுல விரிசல் இருந்தா அங்கேயே திரும்பியிருக்கும். விரல் அதுக்குத் தெரிஞ்சிருக்காது."

"அப்போ அந்த முள்?"

"தோளோட வளைவுதான். அச்சோட உருவமே அப்படி."

"உறுதியா?"

சவரிமுத்து அச்சின் மறுபக்கத்தை எட்டிப் பார்த்தார்.

"சுத்தி வந்து பார்க்கறேன், மேடம். விரிசல்னா ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். வளைவுன்னா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நிக்கணும்."

"பாருங்க."

தில்லைநாயகி திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சவரிமுத்து முட்டி போட்டு, குனிந்து, படுத்து, அச்சை முழுக்கச் சுற்றி வந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். முள் எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் நின்றது. அச்சின் மறு கோடியிலிருந்தும் பார்த்தார். அங்கேயும் அதேதான்.

"எல்லாம் ஒண்ணு போல இருக்கு, மேடம்."

"பாய் காத்துக்கிட்டிருக்கார். சொல்லிடுங்க."

"இல்ல மேடம். இன்னும் மனசு ஒப்பலை. சிவப்பு மருந்து அடிச்சுப் பார்த்துடறேன்."

தில்லைநாயகி வேண்டாம் என்று சொல்லவில்லை.

சிவப்பு மருந்து என்பது சாயம். இரும்பின் மேல் அடித்துவிட்டுக் காத்திருந்தால், தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் அதற்குள் இறங்கிவிடும். பிறகு மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி அடிப்பார்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு கசிந்து வரும்.

சவரிமுத்து கிரீஸைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு அடித்தார். காத்திருந்தார். துடைத்தார். வெள்ளையை அடித்துவிட்டு, அச்சுக்குப் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ராவுத்தரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கூடாரத்துப் பெண்களும் மெல்ல வந்து சுற்றி நின்றார்கள். ஒருத்தி வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். தோளின் ஓரத்தில் வெள்ளை காய்ந்தது. இன்னும் காய்ந்தது. சவரிமுத்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னண்ணே?" நாற்காலியிலிருந்தே கேட்டார் தில்லைநாயகி.

"வெள்ளை, மேடம். முழுக்க வெள்ளை."

"அப்படின்னா?"

"நல்ல அச்சு மேடம்! அருமையான அச்சு!" சவரிமுத்து கத்தியே விட்டார். ராவுத்தர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கிரீஸ் இரண்டு சட்டைக்கும் பங்கானது. பெண்கள் சிரித்தார்கள். யாரோ டீக்கு அடுப்புப் பற்றவைக்க ஓடினார்கள்.

தில்லைநாயகி பேனாவை நீட்டினார். சவரிமுத்துவுக்குத் தாகம் எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் டீ குடித்தார்.

திறப்பு விழா அன்று இரண்டு பேரையும் ராவுத்தர் வரவழைத்தார். ராட்டினம் விளக்குப் போட்டுக்கொண்டு ஜம்மென்று நின்றது. வாசலில் பிள்ளைகள் கூட்டம் தாங்கவில்லை. ஆனால் ராவுத்தர் கதவைத் திறக்கவில்லை.

"எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு," என்றார். "அச்சைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் முதல் சுத்து உக்காரணும். அப்புறம்தான் பிள்ளைங்க."

"தனியாவா?" என்றார் சவரிமுத்து. உச்சிக் கூண்டை அண்ணாந்து பார்த்தார்.

"நானும் வரேன், வாங்க," என்று தில்லைநாயகி முதலில் போய்க் கூண்டில் உட்கார்ந்தார்.

ராட்டினம் கிளம்பியது. சவரிமுத்து கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். காற்று வந்தது. கூண்டு உச்சிக்குப் போய் லேசாக ஆடியது. கீழே பிள்ளைகள் கத்தினார்கள். அச்சு ஒரு சத்தமும் போடவில்லை. அவர் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இன்னொன்றை. அமராவதிப் பாலத்தில் விளக்குகள் எரிந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

"மேடம், நான் டீ குடிக்கப் போனப்போ நீங்களும் ஒரு தடவை பார்த்துட்டீங்கதானே?"

"எதை?"

"அச்சை."

"இல்லையே."

சவரிமுத்து திரும்பிப் பார்த்தார். தில்லைநாயகி மடியில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"பார்க்காம எந்த தைரியத்துல மேடம் ஏறினீங்க?"

"அன்னைக்குப் பூரா," என்றார் தில்லைநாயகி, "நான் உங்களைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்."