பத்து வருஷப் பங்கு

"அந்த சிப் கம்பெனிப் பங்கை வாங்கிப் போட்டுட்டு மறந்துடணும். பத்து வருஷம் கழிச்சுப் பாத்தா, பேரன் வரைக்கும் உக்காந்து சாப்பிடலாம்."

முடிதிருத்தும் கடையில் பக்கத்து நாற்காலிக்காரர் யாரிடமோ போனில் சொன்னது. முகமெல்லாம் சோப்பு நுரையாக இருந்ததால் குலசேகரனால் மேற்கொண்டு விசாரிக்க முடியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பங்குச் சந்தையில் அவருக்கு குரு பூங்கோதை. ஒரு காலத்தில் அவரிடம் எட்டாம் வகுப்பு படித்தவள். இப்போது ஓசூரில், கம்ப்யூட்டர் சிப்புகளைச் சோதிக்கும் கூடத்தில் வேலை. ஞாயிறுதோறும் மனைவி தமயந்தியோடு அவள் வீட்டுக்குப் போவார். பாடத்துக்கு அவர், பேச்சுக்குத் தமயந்தி.

தமயந்திக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன. ஆபரேஷனுக்கென்று வங்கியில் பணம் போட்டு வைத்திருந்தார்கள். இப்போது அவருடைய கண் அதன் மேல்தான்.

அந்த ஞாயிறு குடியிருப்பில் லிஃப்ட் ஓடவில்லை. பூங்கோதையின் வீடு நாலாவது மாடி.

"நீங்க முன்னாடி போங்க. நான் மெல்ல வரேன்," என்றாள் தமயந்தி.

அவர் போய்விட்டார்.

"வாங்க சார். அம்மா எங்கே?"

"வந்துட்டே இருக்கா. குருவே, ஒரு கேள்வி."

"குருவாம். என்னை பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சவர்தானே நீங்க."

"வாய்ப்பாட்டுல கோட்டை விட்டா வேற என்ன செய்யறது? இதைச் சொல்லு. அந்த சிப் கம்பெனி நீண்ட காலத்துக்கு நல்லா வருமா?"

"வரும்னுதான் தோணுது சார். நானும் கொஞ்சம் வாங்கி வெச்சிருக்கேன்."

இவ்வளவு சுலபமாகப் பதில் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப போட்டுடலாம்ங்கறே."

"எந்தப் பணத்தை?"

குலசேகரன் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஆபரேஷன் பணம்தான். அவ 'உங்க இஷ்டம்'னுட்டா. கூட்டு வட்டி போட்டுப் பாத்துட்டேன். பத்து வருஷத்துல நாலு முழங்காலுக்கு ஆபரேஷன் பண்ணலாம்."

"மிச்ச ரெண்டு யாருக்கு?"

"எனக்கு."

பூங்கோதை சிரித்துவிட்டாள். எழுந்து போய், சாத்தியிருந்த வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எங்க வேலை என்னன்னு தெரியுமா சார்? சிப்பை அடுப்பு மாதிரி ஒரு பெட்டிக்குள்ள வெச்சு, கரண்டு குடுத்து, நாள் கணக்கா சூடு பண்ணுவோம். வருஷக்கணக்குல படவேண்டிய பாடெல்லாம் அங்கேயே பட்டுடும். நோஞ்சானெல்லாம் உள்ளேயே போயிடும். தாங்கினதைத்தான் வெளியே அனுப்புவோம்."

"அதைத்தானே நானும் சொல்றேன். பொறுத்துத் தாங்கினா பலன் உண்டு."

அவள் வாசல் பக்கம் காதைத் திருப்பினாள். திறந்த கதவு வழியாகப் படிக்கட்டின் சத்தம் மேலே வந்தது. கைப்பிடிக் கம்பியில் வளையல் உரசும் ஒலி. ஒரு கால். சற்றுப் பொறுத்து, அதே படியில் இன்னொரு கால்.

"ஏதாவது சொல்லேன்ம்மா."

"கேளுங்க சார்."

சத்தம் நின்றது. கீழே ஏதோ ஒரு வீட்டுக் கதவு திறந்தது.

"நாற்காலி போடறேன், கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்கம்மா," என்றது ஒரு பெண் குரல்.

"பரவால்லம்மா. மேல அவர் காத்துட்டிருப்பார்." தமயந்திக்கு மூச்சு வாங்கியது.

குலசேகரன் வாசலைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"அவ்வளவு நாள் அந்தச் சூட்டுல சிப் எப்படித்தான் தாங்குது?"

"அதுக்கு வலிக்காது சார்."

அவர் எழுந்தார். செருப்பு மாட்டாமலே இரண்டு மாடி இறங்கினார். தமயந்தியின் கையைப் பிடித்து அந்தப் பெண் போட்டிருந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அவள் காலருகே படியில் தானும் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ஆபரேஷனுக்கு நாள் கேட்டார்.