கூரையோடு சேர்ந்தது

மலையடிவாரத்து ஜெப வீட்டில் சிஸ்டர் பெர்னதீத் இருந்தார். அவரிடம் தியானம் கற்க வருகிறவர்களில் மூத்தவர் லூர்துநாதன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிஸ்டருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் குரு குருதான்.

ஒரு நாள் மாலை தியானம் முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

"என்ன, இன்னைக்குக் கடவுளை வீட்டுக்குப் போகவே விடமாட்டீங்களா?"

"ஒரு சந்தேகம், சிஸ்டர். கூரையில மாட்டின சோலார் பேனல் அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?"

"காலம் பூரா நீங்க பார்த்த வேலை. என்கிட்ட கேட்கிறீங்க!"

"சொந்த வீட்டு விஷயம். அதான்."

அவர் மகன் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மருமகள் ஜெசிந்தா தாய்வீட்டுக்குப் போகிறாள். அவள் கொண்டுவந்ததை அவள் எடுத்துக்கொள்ளட்டும், வீட்டோடு சேர்ந்தது வீட்டில் இருக்கட்டும் என்று லூர்துநாதன் சொல்லிவிட்டார். கட்டிலும் பீரோவும் பாத்திரங்களும் வாசலுக்கு வந்துவிட்டன. பேனல்களும் அவள் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்தவைதான். ஆனால் கூரையில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது.

பேரன் நிக்சனுக்கு மூன்று வயது. அவன் வீட்டோடு சேர்ந்தவன். அதில் லூர்துநாதனுக்குச் சந்தேகமே இல்லை.

"அவளாவே பேனலைக் கேட்டாளா?"

"'மாமா, பேனலையும் எடுத்துக்கட்டுமா'ன்னு கேட்டா."

"கேட்கும்போது எங்கே பார்த்துக்கிட்டிருந்தா?"

அவர் யோசித்தார். "பையனை."



"இந்த மாதிரி விஷயத்துல நீங்க எதை வெச்சு முடிவு பண்ணுவீங்க?"

"கழற்றினா என்ன ஆகும்னு பார்ப்போம். சேதமில்லாம வந்தா அசையும் சொத்து. இல்லேன்னா கட்டிடத்தோட சேர்ந்தது."

"அப்போ கழற்றிப் பாருங்க."

அடுத்த வாரம் வந்தார். முகத்தில் சவரம் இல்லை.

"ஸ்பேனர் வெச்சதும் வந்துடுச்சு, சிஸ்டர். ஒரு கீறல் இல்லை. கூரைக்கும் ஒண்ணும் ஆகலை. எல்லாத்தையும் வண்டியில ஏத்தி விட்டுட்டேன். என்னை அநியாயக்காரன்னு யாரும் சொல்ல முடியாது."

"ஜெசிந்தா?"

"அதே வண்டியில போயிட்டா. கேஸ், கோர்ட்டுன்னு அலைய அவளுக்குத் தெம்பு ஏது?"

"பையன்?"

"வீட்டுல இருக்கான்." குரல் இறங்கியது. "வண்டி கிளம்புற நேரம் அவ சேலையைப் பிடிச்சுக்கிட்டான். விடவே மாட்டேன்னுட்டான். நான்தான் எடுத்துவிட்டேன்."

"ஸ்பேனர் வெச்சா?"

லூர்துநாதன் தன் கைகளைப் பார்த்தார்.

"விரல் விரலா, சிஸ்டர்."

"அழுதானா?"

"ரெண்டு நாள் அழுதான். இப்போ அழறதில்லை. பேச்சும் இல்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புறதில்லை."

"அவ?"

"அவ அழவே இல்லை. அவன் பிடிச்சிருந்த சேலைத் தலைப்பைக் கையில சுருட்டி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. தெருமுனை திரும்புற வரைக்கும் அப்படியேதான் இருந்தா."

அறை இருட்டிக்கொண்டு வந்தது. சிஸ்டர் எழுந்து விளக்கைப் போடவில்லை.

"சின்னப் பிள்ளைதானே, சிஸ்டர். போகப் போகச் சரியாயிடுவான். இல்லையா?"

"கழற்றினவர் நீங்க. நீங்கதான் சொல்லணும். சேதமில்லாம வந்துச்சா?"