குப்பாண்டி பிடுங்கிய புல்

மழை பொய்த்துப்போன ஒரு மேட்டுக்காட்டில் வேலாத்தா என்றொரு பெண் வெளிமான் இருந்தது. அதன் மந்தை மேய்ச்சல் தேடி மலையோரம் போய்விட்டது. முன்னங்கால் ஊனமானதால் வேலாத்தாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. துணைக்கு இருந்தது குப்பாண்டி என்ற கழுதை. அதற்கு எதிலும் அவசரம்.

ஒரு நாள் பாறை இடுக்கில் ஒரே ஒரு புல் தூரை மான் கண்டது. அணில் வாலைப் போல அதில் கருஞ்சிவப்புக் கதிர்கள் ஆடின.

கழுதை வாயைத் திறந்துகொண்டு ஓடிவந்தது.

"தின்னாதே குப்பாண்டி! இது கொழுக்கட்டைப் புல். ஒரு தடவை வேர் பிடித்துவிட்டால் வருஷா வருஷம் தானே தழைக்கும். இதை விதைப்போம்."

"எனக்கு இன்றைக்கே பசிக்கிறதே, அக்கா!"

"எனக்கும்தான்," என்றது மான். சொல்லும்போதே அதற்குக் கண்ணை இருட்டியது.

கதிர்களின் மேல் அது உடம்பைத் தேய்த்தது. சொரசொரப்பான சுணை மூடிய விதைகள் மயிரில் ஒட்டிக்கொண்டன. புல் இல்லாத வெறும் நிலத்துக்கு நொண்டி நொண்டி வந்து உதறியது. குளம்பால் மண்ணைக் கிளறி மூடியது. மறுபடி பாறைக்குப் போயிற்று, மறுபடி வந்தது.

தூறல் விழுந்தது. ஒன்றும் முளைக்கவில்லை. புது விதை சில மாதம் உறங்கித்தான் எழும் என்பது வேலாத்தாவுக்குத் தெரியும். தெரிந்து என்ன? காத்திருப்பதற்குள் உயிர் போய் வந்தது.

அடுத்த மழைக்கு மெல்லிய முளைகள் எட்டிப் பார்த்தன. பக்கத்திலேயே வேறொரு புல் தானாக மதமதவென்று வளர்ந்தது.

"பார்த்தாயா? யாரும் விதைக்காத புல் எவ்வளவு உயரம்! உன்னுடையது பூனை மீசை மாதிரி இருக்கிறது," என்று கழுதை சிரித்தது.

"அந்தப் புல்லையே மேய்வோம். இது முதலில் வேர் விடட்டும்."

கோடை வந்தது. உயர்ந்த புல் காய்ந்து சாய்ந்தது. மான் விதைத்த புல்லும் தூர் கட்டி நின்றபடியே காய்ந்து, பழைய துடைப்பம்போல ஆயிற்று. இருவரும் வேல மரத்தடியில் உதிர்ந்த காய்களைப் பொறுக்கித் தின்று நாளைக் கடத்தினார்கள்.

"எல்லாம் செத்துவிட்டது, அக்கா. இதைப் பிடுங்கி எறிந்துவிட்டு நான் இங்கே புழுதியில் புரளப் போகிறேன்," என்றது குப்பாண்டி.

எதிர்த்துப் பேச மானுக்குத் தெம்பில்லை. 'நானும் செத்ததைத்தான் காத்துக் கிடக்கிறேனோ?' என்று அதற்கே சந்தேகம் வந்தது.

"சரி, பிடுங்கு. முதலில் அந்த உயர்ந்த புல்லைப் பிடுங்கு. பிறகு இதைப் பிடுங்கு. இரண்டும் ஒரே மாதிரி வந்தால் நிலம் உனக்கு."

உயர்ந்த புல், வாய் வைத்ததும் கையளவு வேரோடு வந்துவிட்டது. கழுதை கனைத்தது. அடுத்து கொழுக்கட்டைப் புல்லைக் கவ்வி இழுத்தது. வரவில்லை. காலை ஊன்றி இழுத்தது. பல் வலித்ததே தவிர, தூர் அசையவில்லை. ஆத்திரத்தோடு தலையை உதறி இழுத்தது. நாலைந்து தாள் மட்டும் அறுந்துவர, கழுதை மல்லாக்க விழுந்தது.

மான் குனிந்து, அறுந்த இடத்தை நக்கிப் பார்த்தது. நாக்கில் ஈரம் பட்டது. உள்ளே இளம்பச்சை.

"உயிர் இருக்கிறது, குப்பாண்டி," என்றது மெதுவாக.

கழுதை எழுந்து, புரள்வதற்கு வேறு இடம் தேடிப் போயிற்று.

ஆடி கழிந்து மழை பெய்தது. உயர்ந்த புல் நின்ற இடம் இன்னும் மொட்டையாகக் கிடக்க, காய்ந்த தூர்களிலிருந்து பச்சைத் தாள்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பின.

கழுதை தயங்கித் தயங்கி வந்தது. "நானும் மேயலாமா, அக்கா?"

"மேய். நுனியை மட்டும் மேய். அடியைக் கடிக்காதே."

"அடுத்த வருஷமும் வருமா?"

மான் வயிறு நிறைய மேய்ந்துவிட்டு, புல்லுக்கு நடுவே கால்களை மடக்கிப் படுத்து, கண்ணை மூடி அசை போட்டுக்கொண்டிருந்தது.

நீதி: மேலே காய்ந்ததைக் கண்டு கைவிடாதே, வேரில் உயிர் இருக்கிறதா என்று பார்.