முதல் நாள் பாய்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகவே இருக்கிறது. ஒரு வார்த்தை பிசகினாலும் பிலோமினா அக்காவைக் கேவலமாக நினைத்துவிடுவீர்கள். நடந்தபடியே சொல்லப் பார்க்கிறேன்.

என் கணவருக்குப் புற்றுநோய். அவருடைய வலிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை நானும் விழுங்கத் தொடங்கி, கடைசியில் அவருக்கே இல்லாமல் செய்துவிட்டேன். அதனால்தான் பெண்களுக்கான அந்தப் போதை மறுவாழ்வு இல்லத்தில் என்னைச் சேர்த்தார்கள். அதை நடத்தியவர் பிலோமினா அக்கா. என்னைவிட ஆறு வயது சின்னவர். ஆனாலும் எல்லோருக்கும் அக்கா. அவரும் ஒரு காலத்தில் மாத்திரைக்கு அடிமையாக இருந்தவர்தான். விட்டுப் பதினோரு வருடம்.

தினமும் காலையில் வட்டமாக உட்கார்ந்து, பெயரையும் மாத்திரை தொடாத நாட்களையும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முதல் நாள்காரர்களுக்குக் கதவோரம் தனியாக ஒரு பாய். நான் சொல்ல வந்த அந்தக் காலையில் எனக்கு எண்பத்தெட்டாவது நாள். இரண்டு நாளில் வீட்டுக்குப் போக வேண்டும். என் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் கிளம்பிவிடுவாள். அந்த மாத்திரையை மறுபடி என் கையாலேயே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அக்கா தன் நாற்காலிக்குப் போகவில்லை. கதவோரப் பாயில் உட்கார்ந்தார்.

"என் பேரு பிலோமினா. இன்னைக்கு முதல் நாள்."

"ஏப்ரல் ஒண்ணு எப்பவோ முடிஞ்சிடுச்சுக்கா," என்றாள் வட்டத்தில் இருந்த ஜெபா. யாரும் சிரிக்கவில்லை.

பிறகுதான் சொன்னார். புதிதாக வருகிறவர்கள் பையில் ஒளித்துக் கொண்டுவரும் மாத்திரையை இரண்டு பேர் நின்றுதான் கழிப்பறையில் கொட்டுவார்கள். தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும்வரை இருவரும் நகரக் கூடாது. அவரே வைத்த விதி. வழக்கமாகக் கூட நிற்கும் சமையலம்மா முந்தின நாள் வரவில்லை. பதினோரு வருடத்துக்குப் பிறகும் எனக்கு எதற்கு இன்னொரு ஆள் என்று தனியாகப் போயிருக்கிறார். இரண்டு மாத்திரை வாய்க்குள் போய்விட்டது. விடிந்ததும் இல்லத்து டாக்டரிடம் சொல்லிவிட்டாராம்.

எல்லோரும் எழுந்து போனபின் அவரிடம் போனேன். எனக்கு வந்தது கோபமா பயமா, தெரியவில்லை.

"யாரும் பாக்கலையே. ஏன்க்கா சொன்னீங்க?"

"யாரும் பாக்காததாலதானே தின்னேன், சுலோச்சனா."

இடுப்பில் செருகியிருந்த மாத்திரை அட்டையை எடுத்தார்.

"மீதி எட்டு இருக்கு. கொட்ட மனசு வரல. கூட வர்றீங்களா?"

போனோம். ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் போட்டார். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும்வரை இருவரும் நகரவில்லை.

"உங்களுக்கே இப்படின்னா, வீட்டுல நான் எப்படிக்கா பொழைப்பேன்?"

"அங்க உங்க கூட நிக்க யாரு இருக்கா?"

யாரும் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஊருக்கு வந்தேன். என் வீட்டுப் படி ஏறவில்லை. எதிர்வீட்டுப் புவனேஸ்வரியும் நானும் தெருக்குழாய்ச் சண்டையில் நாலு வருடமாகப் பேசுவதில்லை. அவள் கதவைத் தட்டினேன். நான் மாத்திரை தின்றவள் என்று சொன்னேன். தெருவுக்கே தெரியுமே என்றாள். அவர் மாத்திரை டப்பா உன் வீட்டில் இருக்கட்டும், வேளைக்கு வேளை நீயே வந்து அவருக்குக் கொடு என்று கேட்டேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு என் வீட்டுக்குள் போனாள். டப்பாவோடு அவள் வெளியே வரும்வரை நான் தெருவிலேயே நின்றேன்.